நாய் கடித்த சிறுவிடைக் கோழி: முதுகுத் தோல் உரிந்து தொங்குகிறது, இரவு தாங்குமா?

தோட்டத்துவீடு
அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாராபுரம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். மாலையில் கோழிகள் அடையும் நேரத்தில் தோப்பு வழியாக வந்த நாய்கள் சிறுவிடை என்னும் சின்ன ரக நாட்டுக்கோழிப் பெட்டை ஒன்றைக் கவ்விவிட்டன. கம்பை எடுத்துக்கொண்டு ஓடியதும் போட்டுவிட்டுப் போய்விட்டன. இரண்டு இறக்கைகளுக்கும் நடுவிலிருந்து வால் வரை தோல் உரிந்து ஒரு பக்கமாகத் தொங்குகிறது, உள்ளே சதை அப்படியே தெரிகிறது. இடது இறக்கைக்கு அடியில் பல் இறங்கிய ஓட்டைகள் இருக்கின்றன. ஆனால் இரத்தம் அதிகம் வரவில்லை. நிற்கவில்லை, கண்ணை மூடி மூடித் திறக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்பு என்கிறார் மாமியார். கால்நடை மருந்தகம் காலையில்தான் திறக்கும். இப்போது என்ன செய்யட்டும்?

கொல்லைப்புறம்
முதலில் எதையும் அப்பாதீர்கள். அட்டைப்பெட்டியில் பழைய துணியை விரித்து, கோழியை அதில் வைத்து, வீட்டுக்குள் ஆள் நடமாட்டம் இல்லாத அறைக்குக் கொண்டுபோங்கள். பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் 60 வாட் குண்டு பல்பு. ஒரு மூலைக்கு மட்டும்தான், சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். வாயைத் திறந்து மூச்சிரைத்தால் பல்பைத் தூக்கிக் கட்டுங்கள். நாய் கவ்விய கோழி முதல் இரவில் சாவது பெரும்பாலும் புண்ணால் அல்ல, அதிர்ச்சியால். பிள்ளைகள் வந்து வந்து எட்டிப் பார்க்க விடாதீர்கள்.

கரிசல்மண்
ஐந்நூறு ரூபாய்க் கோழிக்கு டாக்டர், பல்பு, தனி அறை! அறுத்துக் குழம்பு வைத்துவிட்டு நாய்க்கு வேலி போடும் வழியைப் பாருங்கள் தம்பி. எங்கள் பாட்டி காலத்தில் இப்படியா கோழி வளர்த்தோம்?

தோட்டத்துவீடு
அண்ணா, இது அடைக்கு உட்கார்ந்தால் ஒரு முட்டையைக்கூடக் கூமுட்டையாக்காத கோழி. பருந்து வந்தால் எதிர்த்து நிற்கும். குழம்புக்கு வேறு கோழி இருக்கிறது.

மாட்டு டாக்டர் (ஓய்வு)
கரிசல்மண் அவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நாய் கடித்த கோழியை அறுத்துச் சுத்தம் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த நாய் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாது. எச்சில் பட்ட புண்ணில் கை வைத்து, விரலில் ஒரு கீறல் இருந்து... ஐந்நூறு ரூபாய்க்கு அந்த வம்பு வேண்டாம்.

தோட்டத்துவீடு தம்பிக்கு. விரட்டும்போது நாயின் பல்லோ நகமோ உங்கள் மேல் பட்டதா? பட்டிருந்தால் கோழியை அப்படியே வைத்துவிட்டு, அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் பாலூட்டிகளின் நோய். கோழிக்கு வருவது மிக மிக அரிது, கவலை உங்களைப் பற்றித்தான். கோழியைத் தொடும்போதும் கையுறை வேண்டும். கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கோழியை ஒரு மணி நேரம் வெதுவெதுப்பில் விட்டு, கொஞ்சம் தெளிந்த பிறகு பாருங்கள். கழுத்தடியில் இரைப்பை இருக்கும் இடத்தில் ஓட்டை உண்டா? குடித்த தண்ணீர் அந்த வழியாகக் கசிந்தால் இரைப்பை கிழிந்திருக்கிறது, தையல் இல்லாமல் ஆறாது. கால் விரலைக் கிள்ளினால் இழுத்துக்கொள்கிறதா? இரண்டு காலிலும் உணர்வே இல்லையென்றால் முதுகெலும்பு போயிருக்கலாம். வயிற்றுப் பக்கம் ஓட்டை விழுந்து குடல் தெரிகிறதா? இந்த மூன்றும் இல்லையென்றால் முதுகுத் தோல் உரிந்ததைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பார்க்கக் கோரமாக இருக்கும், ஆனால் கோழித் தோல் வளர்ந்து மூடுகிற வேகத்தை நேரில் கண்டால்தான் நம்புவீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவது. நாக்கின் வேர்ப்பகுதியிலேயே மூச்சுத் துளை இருக்கிறது, தண்ணீர் நேராக அதற்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள், அதுவே உறிஞ்சும். ஓஆர்எஸ் கரைசல் இருந்தால் நல்லது.

தோட்டத்துவீடு
நன்றி ஐயா. என் மேல் பல் படவில்லை. கோழியின் கால் விரலைக் கிள்ளினால் இழுக்கிறது. இரைப்பை நன்றாக இருக்கிறது, குடல் எதுவும் தெரியவில்லை. ஆனால் புதிதாக ஒன்று: இறக்கைக்கு அடியில் தோல் உப்பிக்கொண்டு வருகிறது. தொட்டால் விரலுக்கடியில் நொறுநொறுவென்று அப்பளம் உடைகிற மாதிரி இருக்கிறது. கட்டியா?

மாட்டு டாக்டர் (ஓய்வு)
கட்டி இல்லை, காற்று. பறவைக்கு நுரையீரலோடு சேர்ந்து உடம்பெங்கும் காற்றுப்பைகள் உண்டு. பல் அதில் ஒன்றைத் துளைத்திருக்கிறது, மூச்சு விடும்போது கசிகிற காற்று தோலுக்கடியில் சேர்கிறது. பெரும்பாலும் சில நாட்களில் துளை தானாக அடைந்து வீக்கம் வடிந்துவிடும். மூச்சு விடவே சிரமப்பட்டால் மட்டும் ஊசியால் காற்றை எடுக்க வேண்டும், அது மருத்துவர் வேலை. ஊசி வீட்டில் இருக்கிறதே என்று நீங்கள் குத்தாதீர்கள்.

இதனால் கழுவும்போதும் எச்சரிக்கை தேவை. திறந்து கிடக்கிற முதுகைத் தாராளமாகக் கழுவுங்கள். இறக்கைக்கு அடியில் உள்ள ஓட்டைகளுக்குள் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. காற்றுப்பைக்குள் தண்ணீர் போனால் கோழி உள்ளுக்குள்ளேயே மூழ்கிவிடும். அங்கே பஞ்சால் மேலாகத் துடைத்தால் போதும்.

கழுவ, மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் புட்டி சிறந்தது. இந்நேரத்துக்குக் கடை இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி. வெதுவெதுப்பாகவே ஊற்றுங்கள். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சால் பீய்ச்சினால் மண்ணும் இறகும் வெளியே வரும். தொங்கும் தோலைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள், நாய்ப் பல் இறகையும் சேர்த்து உள்ளே தள்ளியிருக்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். புண்ணின் ஓரத்து இறகுகளைப் பிடுங்காமல் கத்திரியால் வெட்டுங்கள். பிறகு தோலை இருந்த இடத்திலேயே படிய வைத்து, போவிடோன் அயோடினில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தடவிவிட்டு விடுங்கள். நுரைக்கிறதே என்று ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுகிறார்கள், அது கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் சதையையும் அரிக்கும்.

வண்டல்காரன்
தோலை ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடலாமே? காணொளி ஒன்றில் பார்த்தேன்.

மாட்டு டாக்டர் (ஓய்வு)
கத்தி கீறிய புண் என்றால் யோசிக்கலாம். கடிபட்ட புண்ணை இறுக்கி மூடினால் நாய் வாயின் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். சீழ் வெளியேற வழி இருக்க வேண்டும்.

வேப்பமரத்தடி
டாக்டர் ஐயா எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்வது போல இருக்கிறது. நாற்பது வருடமாகக் கோழி வளர்க்கிறேன். சேவல் சண்டையில் பட்ட புண், முள் கிழித்த புண் எல்லாவற்றுக்கும் மஞ்சளும் வேப்பெண்ணெயும்தான். ஒரு கோழிக்கும் கெடுதல் வந்ததில்லை. அந்த மாமியார் சொன்னதில் என்ன குற்றம்?

மாட்டு டாக்டர் (ஓய்வு)
அம்மா, நீங்கள் சொல்கிற புண்ணுக்கு அது சரியான மருந்து, நானும் சொல்லியிருக்கிறேன். எங்கள் கால்நடைப் பல்கலைக்கழகமே மாட்டுப் புண்ணுக்கு மஞ்சள், குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, துளசி, மருதாணி சேர்த்து எண்ணெயில் காய்ச்சித் தடவும் முறையைப் பரிந்துரைக்கிறது. ஆனால் இங்கே உள்ளங்கை அகலத்துக்குத் தோலே இல்லை, அதன் பக்கத்தில் ஆழமான பல் ஓட்டைகள். இதன்மேல் மஞ்சள்தூளைக் கொட்டினால் காய்ந்து பொருக்காகிவிடும். மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும், அடியில் சீழ் கோக்கும். காலையில் பார்க்கிற மருத்துவருக்கும் புண் எங்கே இருக்கிறது என்று தெரியாது. வேப்பெண்ணெயைப் புண்ணுக்குள் விடாமல் சுற்றியுள்ள இறகில் தடவினால் ஈ அண்டாது. மாமியாருக்குப் பாதி வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம்.

சாம்பல், காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் இவற்றுக்கு அந்தப் பாதிகூடக் கிடையாது.

வேப்பமரத்தடி
சரி, பாதியை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இரத்தம் நிற்காத இறகு முளைக்கு மஞ்சளை வைத்து அழுத்துவதை நான் விட மாட்டேன்.

மாட்டு டாக்டர் (ஓய்வு)
அதை விட வேண்டாம்.

தோட்டத்துவீடு
காலை வணக்கம். இருக்கிறது! இரவில் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் தண்ணீர் குடித்தது. இப்போது எழுந்து நிற்கிறது, தலையை மட்டும் தொங்கப் போட்டிருக்கிறது. எச்சம் பச்சையாக இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. கால்நடை உதவி எண் 1962க்கு அழைத்தேன், நடமாடும் வண்டி வேறு ஊரில் இருக்கிறதாம். மருந்தகத்துக்கே எடுத்துப் போகிறேன்.

கொல்லைப்புறம்
வயிறு காலியாக இருந்தால் பித்தம் மட்டும் இறங்கும், அதனால் எச்சம் பச்சையாகத் தெரியும். தின்ன ஆரம்பித்தால் பெரும்பாலும் மாறிவிடும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து வையுங்கள். கோழிக்கே முட்டையா என்று கேட்காதீர்கள், சதை வளரப் புரதம் வேண்டும். ஊறவைத்த கம்பும் வையுங்கள். சுண்டு விரலால் மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள், இரண்டு பக்கமும் சதை குறைந்து எலும்பு கத்தியாகத் துருத்தினால் தீனி போதவில்லை என்று பொருள்.

தோட்டத்துவீடு
போய் வந்துவிட்டேன். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டார், தொடர்ந்து போட வரச் சொன்னார். தையல் வேண்டாம் என்றார், டாக்டர் ஐயா சொன்ன அதே காரணம். மருந்து முடிந்த பிறகு அதன் முட்டையை எப்போது சாப்பிடலாம் என்பதைத் தானே சொல்வதாகச் சொன்னார். வலிக்குத் துளி மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வண்டல்காரன்
வலிக்கு நம்முடைய டைக்ளோஃபெனாக் மாத்திரையில் கால் துண்டு கொடுத்தால் போதுமே.

மாயாறு
கால் துண்டு என்ன, தூசிகூட வேண்டாம். நான் முதுமலைப் பக்கத்துக்காரன். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து, நாட்டில் இருந்த கழுகுகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டன. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மிச்சமிருக்கும் கழுகுகளில் ஒரு கூட்டம் எங்கள் மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. கோழி செத்தால் தோட்டத்தில் தூக்கி எறிவீர்கள், அதைத் தின்ன ஏதாவது வரும்.

மாட்டு டாக்டர் (ஓய்வு)
முழுக்க உண்மை. கோழிக்கும் அது சிறுநீரக நஞ்சுதான். மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் வண்டல்காரரே. மருத்துவர் எழுதிய துளியை, எழுதிய அளவில்.

தோட்டத்துவீடு
அவசரம். வெயில் காயட்டும் என்று கோழியைப் பெட்டியோடு திண்ணையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள். இப்போது பார்த்தால் வால் பக்கம் இறகின் அடியில் வெளிர்மஞ்சளாக, நீளநீளமாக, கொத்தாக ஏதோ ஒட்டியிருக்கிறது. புண்ணுக்குள் இல்லை, ஓரத்தில்.

வேப்பமரத்தடி
ஈ முட்டை! விடாதே தம்பி, இப்போதே எடு. நாளைக்குள் புழுவாகிவிடும்.

மாட்டு டாக்டர் (ஓய்வு)
அம்மா சொல்வது சரி. வெயில் நாளில் ஒரு பகலுக்குள்ளேயே பொரித்துவிடும். முட்டை ஒட்டிய இறகை அடியோடு வெட்டி எடுத்துவிடுங்கள், துடைத்தால் போகாது. மடிப்பு மடிப்பாக விரித்து, எச்சத்துவாரத்தைச் சுற்றியும் பாருங்கள். இனி கோழி வீட்டுக்குள்தான், பெட்டியின் மேல் கொசுவலைத் துணி. துணி விரிப்பை நனைய நனைய மாற்றுங்கள், எச்சத்தின் வாடைக்குத்தான் ஈ முதலில் வருகிறது.

ஒருவேளை புழு வைத்துவிட்டால், கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயைப் புழு இருக்கும் குழியில் மட்டும் ஓரிரு சொட்டு விடுங்கள். மூச்சு முட்டிப் புழு மேலே வரும், இடுக்கியால் எடுத்துவிட்டுச் சலைனால் கழுவிவிட வேண்டும். புண் முழுக்க ஊற்றக் கூடாது, கோழி சின்ன உடம்பு. மாட்டுக்கு விடுகிற டர்பன்டைன் எண்ணெயைக் கோழிக்குக் கொண்டுவராதீர்கள்.

நாட்டுக்கோழி ராணி
தேன் தடவலாமா? புண் காயாமல் ஈரமாக வைத்து ஆற்றும் என்று சொல்கிறார்களே.

கொல்லைப்புறம்
ஆற்றும், அது உண்மை. ஆனால் நம் ஊரில் தேன் தடவிய கோழியைத் தரையில் வைத்தால் ஈக்கு முன்னால் எறும்பு வந்து நிற்கும். கட்டெறும்பு ஏறிய கோழியைப் பார்த்தவர்கள் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். தேன்தான் என்றால் பெட்டியை மேசைமேல் வைத்து, மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். உண்மையில் தேன் இல்லாவிட்டாலும் அப்படித்தான் வைக்க வேண்டும்.

தோட்டத்துவீடு
முட்டைகளை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டோம். மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வோர் இறகாகப் பார்த்தார், என்னால் அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்க முடியாது. மேசைக் கால்கள் தேங்காய்ச் சிரட்டையில் நிற்கின்றன.

நாட்டுக்கோழி ராணி
உங்கள் கோழி பிழைப்பதில் மகிழ்ச்சி. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. போன வருடம் எங்கள் சேவலை மரநாய் கடித்தது. கால்கள் இரண்டும் இழுத்துக்கொண்டே கிடந்தன. எல்லோரும் காப்பாற்று, காப்பாற்று என்றார்கள். நானும் ஊட்டினேன், கழுவினேன். எச்சத்திலேயே கிடந்து வெந்து போய்க் கடைசியில் செத்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

மாட்டு டாக்டர் (ஓய்வு)
நல்ல கேள்வி, இங்கே யாராவது கேட்க வேண்டியது. குடல் வெளியே வந்து கிழிந்திருந்தால், இரண்டு காலும் உணர்வற்றுக் கிடந்து சில நாள் ஓய்வுக்குப் பிறகும் ஒரு விரல்கூட அசையாவிட்டால், வாயைத் திறந்தபடியே மூச்சுக்குத் திணறினால், அந்தக் கோழியை வைத்திருப்பது அதற்காக இல்லை, நமக்காக. மருத்துவரிடம் கொண்டுபோனால் வலியில்லாமல் முடித்துவைப்பார். மாறாக, கோரமான புண்ணோடு இருந்தாலும் தின்கிறது, தலையைத் தூக்கிப் பார்க்கிறது, கையை நீட்டினால் கொத்த வருகிறது என்றால் கைவிடாதீர்கள். புண்ணின் அகலத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். நான் பார்ப்பது கண்ணையும் இரைப்பையையும்.

கரிசல்மண்
ராணி அக்காவுக்கு நடந்ததைத்தான் நான் முதலில் வேறு மாதிரி சொன்னேன். சரி, இந்தக் கோழி தின்கிறதா?

தோட்டத்துவீடு
தின்கிறது அண்ணா. நேற்று மாமியாரின் விரலைக் கொத்திவிட்டது. காற்று வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் படிய வைத்த தோலில் பாதி கறுத்து, விறைத்து, ஓரம் சுருண்டுகொண்டு வருகிறது. இழுத்து எடுத்துவிடலாமா? நாற்றம் இல்லை.

மாட்டு டாக்டர் (ஓய்வு)
இழுக்காதீர்கள். அந்தப் பாதிக்கு இரத்த ஓட்டம் போய்விட்டது, மீதிப் பாதி பிடித்துக்கொண்டது. செத்த தோல் இப்போது அடியில் வளரும் சதைக்கு மூடியாக இருக்கிறது. தானே பெயர்ந்து வரும். பெயர்ந்த ஓரத்தை மட்டும் கத்திரியால் நறுக்கிவிடலாம். அடியில் சிவப்பாக, குருணை குருணையாகச் சதை தெரிந்தால் நல்லது. நாற்றம் வந்தாலோ, பச்சை நிறம் படர்ந்தாலோ, ஓரம் சூடாகி வீங்கினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

நாட்டுக்கோழி ராணி
இறகு திரும்ப முளைக்குமா? முதுகு மொட்டையாகவே நின்றுவிடுமா?

கொல்லைப்புறம்
வேரோடு பிடுங்கப்பட்ட இடத்தில் சில வாரங்களிலேயே முளை வரும். பாதியில் ஒடிந்த இறகு, நாம் கத்திரித்த இறகு எல்லாம் அடுத்த இறகுதிர்ப்பு வரை அப்படியே நிற்கும். தோல் அடியோடு போய்த் தழும்பு விழுந்த இடத்தில் வராமலும் போகலாம்.

இன்னொன்று: அது துள்ளுகிறதே என்று மற்ற கோழிகளோடு விட்டுவிடாதீர்கள். சிவப்பைக் கண்டால் கொத்தாத கோழி கிடையாது, கூடப் பிறந்ததாக இருந்தாலும் கொத்திக் குடலை எடுத்துவிடும். புண் முழுதும் தோல் மூடிய பிறகு பஞ்சாரக் கூடையில் போட்டு மற்றவற்றின் நடுவில் வையுங்கள், பார்த்துப் பழகட்டும். அதற்குப் பிறகு ஓர் இரவில், அடைந்த பின்பு கூட்டுக்குள் விடுங்கள். முதலில் சாதுவான இரண்டு கோழிகளோடு விட்டால் இன்னும் நல்லது. மூத்த பெட்டை இருந்தால் அதைத் தனியாகப் பிடித்து அடையுங்கள், வம்பு அதனிடமிருந்துதான் வரும்.

தோட்டத்துவீடு
இதுதான் எங்கள் மூத்த பெட்டை.

கொல்லைப்புறம்
அப்படியென்றால் இடம் பறிபோயிருக்கும். திரும்பி வந்து சண்டை போட்டுத்தான் பிடிக்கும். இரத்தம் வராத வரை குறுக்கே போகாதீர்கள்.

கரிசல்மண்
வேலி விஷயத்துக்கு யாருமே வரவில்லை. நாய் ஒருமுறை ருசி கண்டால் திரும்ப வரும். எங்கள் பக்கம் கீரியும் மரநாயும் வேறு. கருவாட்டில் மருந்து வைத்தால் ஒரே இரவில் தீர்ந்துவிடும்.

மாயாறு
கீரியும் மரநாயும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. மருந்து வைத்தால் வழக்கு. அதைவிட, அந்தக் கருவாட்டை உங்கள் வீட்டு நாய் தின்னும், செத்த எலியைத் தின்கிற ஆந்தை சாகும். கீரி போனால் பாம்பு வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

மாட்டு டாக்டர் (ஓய்வு)
மருந்து வைத்தவர் வீட்டு ஆடு செத்து என்னிடம் வந்த கதைகள் நிறைய இருக்கின்றன. வேண்டாம்.

தோட்டத்துவீடு
மருந்து வைக்கும் எண்ணமே இல்லை அண்ணா. கூட்டுக்கு இப்போது இருப்பது அறுகோணக் கண் கோழிவலை. அதை நாய் பல்லால் இழுத்தே பிய்க்கிறது. மாற்ற என்ன வாங்கலாம்?

கரிசல்மண்
கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான், நாயை வெளியே வைக்க அல்ல. அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். கீரி நுழையாது, மரநாய் கைவிட்டு இழுக்கவும் முடியாது. சுவரோடு நிறுத்தாமல் கீழே ஓர் அடி வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்கடியில் பதியுங்கள், தோண்டுகிற நாய் வலையிலேயே நகத்தை வைத்துத் தோண்டிவிட்டுப் போகும். கூரையையும் மூட வேண்டும், மரநாய்க்கு ஓடு பிரிக்கத் தெரியும். கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, தாழ்ப்பாள் போட்டு அதில் ஒரு கம்பியைச் செருகுங்கள். பழைய மெஷ் கொஞ்சம் என்னிடம் மிச்சம் இருக்கிறது. தாராபுரம் சந்தைக்கு வருவேன், அளவைச் சொன்னால் வண்டியில் போட்டு வருகிறேன்.

தோட்டத்துவீடு
நீளம் பத்தடி, அகலம் ஆறடி, உயரம் ஐந்தடி அண்ணா. கதவுக்குத் தனியாக மூன்றுக்கு ஐந்து.

கரிசல்மண்
சுவருக்குச் சரியாக இருக்கும். கூரைக்கு நீங்கள் வாங்க வேண்டியிருக்கும்.